முன்னால் போகிற கார்

அப்பாவுக்குப் பைலட் என்றால் விமானம் ஓட்டுகிறவர். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவருக்கு வேறு எப்படி விளங்கும்? புற்றுநோய் ஆராய்ச்சியில் புதிதாகக் கால் வைப்பவர்களுக்கு ஒரு சிறிய நிதி கொடுக்கிறார்கள், பைலட் கிராண்ட் என்று பெயர், அதற்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று ஒரு ஞாயிறு சாப்பிடும்போது சொன்னேன். மகன் பைலட் ஆகப்போகிறான் என்று அவர் போய் வேலைத்தலம் முழுக்கச் சொல்லிவிட்டார். அவரோடு வேலை செய்த ஹெயிட்டிக்காரர் ஒருவர் அப்பாவை வீட்டில் இறக்கிவிட வரும்போது என்னைக் கண்டால், காருக்குள் இருந்தபடியே சல்யூட் அடித்து, "பொன்ஜூர், கப்பித்தேன்" என்று பிரெஞ்சில் கப்டனுக்கு வணக்கம் சொல்வார்.

அம்மாதான் கடைசியில் கேட்டார். "இவ்வளவு படிச்சுப்போட்டு இனிப் பிளேன் ஓடப் போறியோ தம்பி?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். என் வேலையைச் சொல்ல வீட்டில் சொல் கிடையாது. நோய் மாறாவிட்டால், வருத்தம் மருந்துக்குக் கேட்கேல்லை என்று அம்மா சொல்வாரே, அதைத்தான் நான் ஆராய்கிறேன்: முதலில் மருந்துக்குக் கேட்கிற புற்றுக் கலங்கள் பிறகு ஏன் கேட்காமல் போகின்றன? பெரிய நிதி கேட்பதென்றால் இந்த யோசனையில் உயிர் இருக்கிறதென்று முதலில் காட்ட வேண்டும். அதைக் காட்டத்தான் பைலட் நிதி. இவ்வளவையும் சொல்லி முடிக்க, அப்பா கேட்டார்.

"பனி கொட்டேக்கை பிளேனுக்கு முன்னால ஒரு சின்ன மஞ்சள் கார் போகுமெல்லே? அது வழி காட்ட, பிளேன் பின்னால வரும். அதுதானே உன்ரை பைலட்?"

"ஓம் அப்பா. அதேதான்."

"அப்ப நீ வெறும் கார்க்காரன். நான் தேவையில்லாமல் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

விண்ணப்பம் போய்ச் சேர்ந்த இலையுதிர் காலத்திலேயே அப்பாவுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. இரைப்பையில் புற்று. முதல் மருந்துக்கு நன்றாகக் கேட்டது. இடியப்பம் கேட்டுச் சாப்பிட்டார், வேலை ஜக்கெட்டைப் போட்டுப் பார்த்து, தொளதொளப்பு குறைந்திருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டார். பிறகு கேட்காமல் போனது. நான் ஆய்வுகூடத்தில் தட்டுகளில் பார்க்கிற அதே விஷயம் லாசாலில் எங்கள் வீட்டு ஹோலில், சோபாவில், போர்வைக்குள் படுத்திருந்தது.

அந்த நிதி வந்தாலும் அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வருடம் கலங்களை வளர்த்துப் பார்ப்பதற்கான காசு அது. அவருக்கு அதைச் சொல்லியிருந்தேன். ஓம், ஓம் என்றுதான் கேட்டார். ஆனாலும் அவருக்குள் அது வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது என்பது மருத்துவரிடம் போன அன்றுதான் தெரிந்தது. மருத்துவர் பிரெஞ்சில் பேச, நான் நடுவில் இருந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அப்பா என் கையைத் தட்டினார்.

"டொக்டரிட்டைச் சொல்லு. மகனுக்குப் பைலட் வரப்போகுது, அது வருமட்டும் என்னை வைச்சிருக்கச் சொல்லு."

சொல்லுக்குச் சொல் அப்படியே பிரெஞ்சில் போட்டேன். மருத்துவர் "பைலட்", "வரப்போகிறது" என்ற சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டு, நோயாளி ஊருக்குப் போக விரும்புகிறார் என்று நினைத்துவிட்டார். மிகவும் தன்மையாக, இந்த நிலையில் விமானப் பயணம் கூடாது என்றார்.

"என்னவாம்?"

"இப்ப பறக்க ஏலாதாம் அப்பா."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் எங்கை பறக்கிறது? நான் கார் வருமட்டும் நிக்கிறன் எண்டு சொல்லு."

மருத்துவருக்கு முழுவதையும் விளங்கப்படுத்தினேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விண்ணப்பத்தின் முடிவு பெப்ரவரியில் வந்தது. கேள்வி நல்லது, ஆனால் கைகூடும் என்று காட்ட ஆரம்ப முடிவுகள் போதாது என்று எழுதியிருந்தார்கள். என் மேற்பார்வையாளர் அதை இரண்டு தரம் வாசித்தார். "அந்த முடிவுகளை எடுக்கத்தானே நிதி கேட்டோம்" என்று சொல்லி, எனக்குக் கோப்பி வாங்கித் தந்தார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"என்ன, கார் வந்திட்டுதோ?"

"இல்லை அப்பா. தரேல்லை."

"பிழை ஏதும் விட்டனியோ?"

"இல்லை."

"அப்ப பேந்து திரும்பப் போடு."

"போடுறன்."

யன்னல் பக்கம் திரும்பிப் படுத்தார். "பேந்து எண்டா எப்ப?"

"அடுத்த வின்ரருக்கு முதல்."

"ம்" என்றார். அதன் பிறகு அவர் அதைப்பற்றிக் கேட்கவில்லை. சாப்பாடும் கேட்கவில்லை.

பனி கரையத் தொடங்கிய கிழமையில் அப்பா போய்விட்டார். இறுதிக்கிரியைக்கு அந்த ஹெயிட்டிக்காரர் வேலை உடுப்போடு நேராக வந்தார். சல்யூட் அடிக்கவில்லை. என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு "கப்பித்தேன்" என்றார், திரும்பவும் "கப்பித்தேன்" என்றார். கொள்ளி வைக்கும்போது அழாதவன் அப்போது அழுதேன்.

சொன்னபடி மறுபடியும் விண்ணப்பித்தேன். அதே கேள்விதான். மற்றவர்கள் வேலை முடித்துப் போன பிறகு, அவர்கள் மிச்சம் விட்ட பொருட்களில் எடுத்த ஒரு சின்ன முடிவை மட்டும் சேர்த்திருந்தேன். இந்த முறை தந்தார்கள். செய்தி வந்தபோது மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவருக்குக்கூடச் சொல்லலாம் போல இருந்தது. கார் என்று சொன்னால் விளங்குகிற ஆள் ஒருவர்தான் வீட்டில் மிச்சம்.

அம்மா குசினியில் கறிக்கு லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தார்.

"அம்மா, பைலட் கிடைச்சிட்டுது."

கத்தி நின்றது. "கார் வந்திட்டுது" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். கையைக் கழுவினார். துடைத்தார். அப்பாவின் வேலை ஜக்கெட் இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது, நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"காருக்குப் பின்னால ஆரும் வருகினம்தானே?" என்று கேட்டார்.

"வருவினம் அம்மா. ஆரெண்டு தெரியாது."

திரும்பவும் கத்தியை எடுத்தார்.

"எப்ப தொடங்கிறாய்?"

"இப்ப ஆய்வுகூடத்துக்குப் போனால், இண்டைக்கே கலங்களை எடுத்து வைக்கலாம்."

"அப்ப ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போ" என்றார் அம்மா, முகத்தை நிமிர்த்தாமல். "பிந்தாதை."