பாலத்துக்கு முன்னால் பேர்ணடெற்

களனிப் பாலத்தை றேமண்ட் எடுத்த படத்தில் பாலத்தின் ஒவ்வொரு ஆணியும் தெரியும். முன்னால் நிற்கும் பெண் மட்டும் சேலை கட்டிய புகைபோல இருப்பார். அவர் றேமண்டின் மனைவி பேர்ணடெற்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் கலியாணங்களையும் தேவாலயத்து முதல்நன்மைச் சடங்குகளையும் படமெடுத்துப் பிழைத்தவர் றேமண்ட். ஆனால் மணமக்களைவிட அவருக்கு நகரத்தில்தான் ஆசை. ஞாயிறு பூசை முடிந்ததும் கமராவோடு நடக்கத் தொடங்கிவிடுவார். தொண்ணூறுகளின் நடுவில், யுத்த காலத்தில், அது நல்ல பழக்கமல்ல. பாலத்தையோ துறைமுகத்தையோ படமெடுத்தால் குண்டு வைக்க வேவு பார்ப்பதாகவே அர்த்தம். எடுப்பவர் தமிழர் என்றால் விளக்கமும் கேட்க மாட்டார்கள்.

ஆகவே பேர்ணடெற்றை முன்னால் நிறுத்தினார். ஆமிக்காரர் கேட்டால், "மகே நோனா", என் மனைவி, என்று சிங்களத்தில் சொல்வார். மனைவியைப் படமெடுக்க எந்தச் சட்டத்திலும் தடையில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லும்."

"ஏன், முகம் வடிவாத் தெரியேல்லையோ?"

"கிரேனை மறைக்கிறீர்."

கொம்பனித்தெரு ரயில் நிலையம், இரத்மலானை விமானத்தள வேலி, துறைமுக வாசல் என்று எல்லாவற்றின் முன்னாலும் பேர்ணடெற் நின்றார். மனைவிமேல் உயிரையே வைத்திருக்கிறார் மனுசன் என்று அயலில் கதைத்தார்கள்.

ஒரு டிசம்பர் ஞாயிறு, நத்தார் கேக்குக்கு ரவை வறுக்க வேண்டுமென்று பேர்ணடெற் வரவில்லை. அன்றைய வெயிலைத் தவறவிட மனமில்லாமல் றேமண்ட் தனியே பாலத்துக்குப் போனார். மத்தியானம் பிடிபட்டு, பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து மேலிடத்துக்கு அனுப்பினால் எப்போது திரும்புவார் என்று யாராலும் சொல்ல முடியாத காலம் அது.

செய்தி கிடைத்ததும் பேர்ணடெற் அடுப்பை அணைத்துவிட்டு, தன் படங்கள் ஒட்டிய அல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மனுசன் மனைவியைத்தான் படமெடுக்கிறவர் என்பதற்கு அதைவிடச் சாட்சி ஏது? கொழும்பில் எடுக்கக்கூடாத இடமெல்லாம் அதில் வரிசையாக இருக்கிறது என்பது, இன்ஸ்பெக்டர் இரண்டாம் பக்கத்தைப் புரட்டும்போதுதான் அவருக்கு உறைத்தது.

"பாலம் நல்லாத் தெரியுது. கிரேன் நல்லாத் தெரியுது. நோனா மட்டும் மங்கல். எல்லாப் படத்திலும்! ஏன்?" என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார்.

றேமண்ட் வாயைத் திறக்குமுன் பேர்ணடெற் அதே சிங்களத்தில் வெடித்தார்.

"இந்தாளுக்குப் படமெடுக்கத் தெரியாது மாத்தயா! கலியாணம் கட்டின நாளில இருந்து என்ரை முகம் ஒருக்காலும் ஒழுங்கா விழேல்லை. இதைப் பாருங்கோ, தலை பாதிதான் இருக்கு. இதிலை கண்ணே இல்லை. இவரை நம்பிக் கூப்பிடுற பொம்பிளை மாப்பிளைதான் பாவம்!"

அது நடிக்கிற குரலாக இல்லை. இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். தன் வீட்டிலும் இதே முறைப்பாடுதான் என்றார். கமராவிலிருந்த பிலிமை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பாழாக்கிவிட்டு, அல்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"இனி முதலில் நோனாவின் முகத்தைப் பார்" என்று றேமண்டுக்கு உத்தரவும் போட்டார்.

திரும்பும் பஸ்ஸில் றேமண்ட் அல்பத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"உண்மையாவே எனக்குப் படமெடுக்கத் தெரியாதோ?"

"பொலிசிலை பொய் சொல்லக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

பொலிஸ் நிலைய வாங்கில் றேமண்டுக்குப் பக்கத்தில் இருந்த யாரோ, பேர்ணடெற் சொன்னதைக் கொட்டாஞ்சேனை முழுக்கக் காவிப் பரப்பிவிட்டார்கள். தை மாதக் கலியாணங்கள் இரண்டு வேறு ஸ்டூடியோவுக்குப் போயின. றேமண்ட் நடப்பதை விடவில்லை. ஆனால் அந்த வருடத்துக்குப் பிறகு எடுத்த படங்களில் பேர்ணடெற்றின் கண்ணிமை மயிர்கூடத் தெளிவாகத் தெரிகிறது. பின்னால் சாம்பல் நிறத்தில் நிற்பது பாலமா மேகமா என்று கேட்டால், எடுத்தவருக்கே சொல்லத் தெரியவில்லை.