கொடுக்க வந்தவரின் கை

நோன்பு மாதத்தில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். அந்த ஆண்டும் அப்படித்தான். தலசீமியா நோயுள்ள என் மகளுக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்று ஆஸ்பத்திரியில் மறுபடியும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாலு படி ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்கியது. உதடு வெளுத்துக் கிடந்தது. என் ரத்தத்தை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். அவளுடைய நோயின் குறையில் பாதி என் ரத்தத்திலும் இருக்கிறதாம். வேண்டாம் என்றுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சுங்கை பினாங்கில், எங்கள் பிளாட்டுக்குக் கீழே இருக்கும் மண்டபத்தில் ரத்ததான முகாம். ரத்தம் கொடுப்பவர்களுக்குக் குடிக்க மைலோ கலக்கிக் கொடுக்கிறேன் என்று போய் நின்றேன். ஊசி குத்த ஒரே ஒரு தாதிதான். புழுக்கத்தில் காத்திருந்து அலுத்து ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

பாயான் லெப்பாஸ் பக்கத்து ஃபேக்டரிச் சட்டை போட்ட ஒருவரின் முறை வந்தது. தாதி குத்தினாள், எடுத்தாள், திரும்பவும் குத்தினாள். "அசையாதீங்கன்னு சொன்னேன்ல" என்று அதட்டினாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பின்னாலேயே ஓடினேன். மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, போகாதீங்க. என் மகளுக்கு ரத்தம் வேணும்ணே."

"எப்பவும் கொடுக்கிறவன்தான் அக்கா. சும்மாதானே கொடுக்கிறோம். கொஞ்சம் மரியாதையா பேசலாம்லா." கையை நீட்டிக் காட்டினார். முழங்கை மடிப்பு வீங்கியிருந்தது.

"இன்னொரு கையில…" என்றேன். சொல்லும்போதே வாய் கூசியது.

"மன்னிச்சிக்குங்க அக்கா. இன்னைக்கு முடியாது." போய்விட்டார்.

தாதியை நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் உள்ளே வந்தேன். அவள் கண் கலங்கி நின்றாள். "என்கூட ஊசி குத்த வர வேண்டிய மிஸ்ஸி வரலக்கா. காலையிலேர்ந்து தண்ணி குடிக்கக்கூட நேரமில்ல." அவளுக்கும் ஒரு மைலோ கொடுத்தேன். பிறகு, நானே முகாமை நடத்துகிறவள்போல, காத்திருந்தவர்களிடம் ஒவ்வொரு நாற்காலியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். சிலர் இருந்தார்கள். சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்கள்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். இரண்டு பை ஏற்ற வேண்டிய இடத்தில் ஒன்றுதான் கிடைத்தது. அது எங்கிருந்து வந்ததோ. ஏறி முடிவதற்குள் மகள் தூங்கிவிட்டாள். அடுத்த மாதம் எப்போது அழைத்து வரலாம் என்று கேட்டேன்.

"ஸ்டாக்கைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்றார்கள்.