சிரிக்காதீங்க அண்ணனின் புதுக் கேமரா

என் பெரியப்பாவை எங்கள் தெருவில் 'சிரிக்காதீங்க அண்ணன்' என்றுதான் சொல்வார்கள். வீட்டின் முன்னறையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். ஒரு முக்காலி, அதன் பின்னால் வெள்ளைத் திரை, இரண்டு குடை விளக்கு, சுவரில் ஒரு கண்ணாடி, யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாதபடி அதில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஒரு சீப்பு. பாஸ்போர்ட்டுக்கும் அடையாள அட்டைக்கும் வேண்டிய சின்னப் படம் தவிர அவர் வேறெதுவும் எடுப்பதில்லை.

அந்தப் படங்களில் சிரிக்கக் கூடாது. ஆனால் முக்காலியில் உட்கார்ந்ததும் யாருக்கும் காரணமில்லாமல் ஒரு சிரிப்பு வந்துவிடுகிறது. பெரியப்பா "சிரிக்காதீங்க" என்பார். அதைக் கேட்டதும் சிரிப்பு இன்னும் கொஞ்சம் கூடும். அவர் அசைய மாட்டார். சிரிப்பு வடிந்து முகம் காலியான பிறகு, அடுத்த யோசனை அங்கே வந்து குடியேறுவதற்குள் ஒரு கணம் இருக்கிறதாம். அந்தக் கணத்தில் பொத்தானை அமுக்குவார். ஒரே ஒரு தடவைதான். ஸ்டுடியோக் கதவில் பெயின்டால் எழுதியிருக்கிறார்: 'இங்கே எடுத்த படம் எந்த ஆபீஸிலிருந்தும் திரும்பி வந்ததில்லை.'

புதுக் கேமராவை வெளிநாட்டிலிருந்து அனுப்பியவள் அவருடைய மகள், எனக்கு அக்கா. அவளுக்கு முதல் பிரசவம். பெரியம்மா போய் ஆறு மாதம் கூட இருக்க வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டும். பழைய கேமராவின் பிளாஷ் இஷ்டமிருந்தால் எரியும், இல்லாவிட்டால் இல்லை என்ற நிலைமைக்கு வந்திருந்ததால், அக்கா டிஜிட்டல் கேமராவையே அனுப்பிவிட்டு போனில் சொன்னாள்: "அப்பா, இதுல முதல் படம் அம்மாவோடதா இருக்கணும்."

முதல் படம் எங்கள் தெருத் தையல்காரருடையது. இரண்டாவது படம், கை தவறி அமுக்கியதில், தையல்காரருடைய கத்தரிக்கோலுடையது. பெரியம்மாவின் முறை வரவே இல்லை.

கேமராவோடு வந்த கையேடு பல மொழிகளில் இருந்தது, நம் மொழியில் மட்டும் இல்லை. எங்கள் வீட்டில் மருந்துச் சீட்டு, மிக்ஸி உத்தரவாத அட்டை, வங்கியிலிருந்து வரும் புரியாத கடிதம் எல்லாம் என்னிடம்தான் வரும். இரண்டு மொழியில் படித்ததற்கு இதுவரை கிடைத்த பலன் அது. நான் கையேட்டை விரித்து வாசித்தேன்.

"கேமராவைத் தண்ணீரில் போடக் கூடாது. வாயில் வைக்கக் கூடாது. வண்டி ஓட்டிக்கொண்டே படம் எடுக்கக் கூடாது."

"கேமராவைக் கண்ணுலயே பார்க்காதவன் எழுதியிருக்கான்," என்றார் பெரியப்பா. "போதும்மா. முப்பது வருஷமா இந்தப் பொழப்புல இருக்கேன். அமுக்கினா எடுக்கப்போகுது, அவ்வளவுதானே?"

நான் பத்தாம் பக்கத்தில் நிறுத்தினேன். நூற்றுச் சொச்சம் பக்கங்கள் மிச்சமிருந்தன.

கேமராவைப் பற்றி அவருக்கு மூன்று நாள் வரை நல்ல அபிப்பிராயம் வரவில்லை. கையில் எடுத்தால் எடையே இல்லை; "உள்ள சாமான் வைக்க மறந்துட்டானுங்களா?" என்றார். அமுக்கினால் வந்த 'கிளிக்' சத்தம் நிஜமில்லை, வெறும் பதிவு என்று தெரிந்ததும் மனம் நொந்து போனார். "கதவே இல்லாத வீட்டுல கதவு சாத்துற சத்தமா?" மின்கலம் தீர்ந்து கேமரா தானாகவே அணைந்தபோது, "என்னைக் கேக்காம தூங்கப் போகுது பாரு" என்றார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது பின்பக்கத்துத் திரை. முன்பெல்லாம் ஆட்கள் தங்கள் படத்தை மறுநாள்தான் பார்ப்பார்கள். அதற்குள் கோபப்படும் காலம் கடந்துவிடும். இப்போதோ எடுத்த கையோடு முக்காலியிலிருந்து எழுந்து ஓடி வந்தார்கள்.

"இது என் தாடையே இல்ல," என்றார் பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியை.

"வேற யார் தாடையம்மா? நீங்க மட்டும்தானே உக்காந்திருந்தீங்க?"

"இன்னொண்ணு எடுங்க."

அவருக்கே ஏழு படம் எடுக்க வேண்டியதாயிற்று. ஏழிலும் அதே தாடைதான். அந்தப் புதன்கிழமை கடையைச் சாத்தியதும் பெரியப்பா ஒரு கறுப்பு ஒட்டு நாடாவை எடுத்துத் திரையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார். ஓரங்களைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்திவிட்டார். கண் வைத்துப் பார்க்க மேலே ஒரு சின்னத் துளை இருந்தது, அது போதும் என்றார். "இனிமே யாரும் அவசரப்பட்டுத் தங்களைத் தாங்களே பார்த்துக்க வேண்டாம்."

இதற்கிடையே பெரியம்மா தினமும் சாயங்காலம் தலைவாரி, நல்ல புடவை கட்டி, முக்காலியில் வந்து உட்காருவார். பெரியப்பா ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, "இன்னிக்கு வெளிச்சம் சரியில்ல" என்பார். ஜன்னலைச் சாத்தி, விளக்குப் போட்டுத்தான் அங்கே படம் எடுப்பது வழக்கம். அது பெரியம்மாவுக்கும் தெரியும்.

பெரியப்பாவுக்கு அவரை அனுப்ப மனமில்லை என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். வாய் திறந்து சொல்லத்தான் மாட்டார். சமையலறையில் எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை, பெரியம்மாவுக்குக் காய்ச்சலாக இருந்தபோது, உள்ளே போய் டப்பாக்களையெல்லாம் உயரவாரியாக, குரூப் போட்டோவுக்கு நிறுத்துவதுபோல நிறுத்திவிட்டு வந்தார். பெரியம்மா எழுந்து வந்து சர்க்கரையைத் தேடிக் கண்டுபிடிக்க, காய்ச்சல் விடுவதற்கு ஆனதைவிட அதிக நாள் ஆனது.

பாஸ்போர்ட் ஆபீஸில் பெரியம்மாவுக்குக் கொடுத்திருந்த நாள் வெள்ளிக்கிழமை. அதைத் தவறவிட்டால் வேறு தேதி கிடைப்பதற்குள் பேரக்குழந்தை தவழ ஆரம்பித்துவிடும். வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. "நீ கூட இரும்மா. இன்னிக்கு எடுக்கலேன்னா எனக்கு சாட்சி வேணும்," என்று பெரியம்மா கூப்பிட்டிருந்தார்.

அன்று கூட்டம். தையல்காரர் மறுபடி வந்திருந்தார், இந்தத் தடவை ஓட்டுநர் உரிமத்துக்கு.

"சிரிக்காதீங்க," என்றார் பெரியப்பா.

தையல்காரர் சிரித்து, பிறகு அடக்கி, முகத்தைக் காலியாக்கினார். பெரியப்பா அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினார்.

"என்னண்ணே, நான் மூச்சு விடலாமா?" என்று தையல்காரர் கொஞ்சம் இளித்தார். கிளிக்.

"பார்த்தியாம்மா?" என்று பெரியப்பா என் பக்கம் திரும்பினார். முகத்தில் முதல் தடவையாக அந்தக் கேமராவின் மேல் மரியாதை தெரிந்தது. "அவசரப்படல. ஆளை நல்லாப் பார்த்து, யோசிச்சு, அப்புறம் எடுக்குது. நம்மள மாதிரி."

நாள் முழுக்க அப்படியேதான். ஆட்கள் உட்காருவார்கள், முகம் காலியாகும், கேமரா சும்மா இருக்கும். என்ன ஆயிற்று என்று அவர்கள் அசட்டுத்தனமாகச் சிரிக்கும்போது கிளிக் என்று கேட்கும். தலைமை ஆசிரியைகூட, எட்டாவது படத்துக்கு வந்திருந்தவர், நாடா ஒட்டிய கேமராவைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். உடனே கிளிக். நான் கம்ப்யூட்டருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். அவ்வப்போது கேமராவின் மெமரி அட்டையை எடுத்துப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். பிலிம் ரோல் முடியாமல் கழுவுவது பெரியப்பாவின் பழக்கத்தில் கிடையாது. "எல்லாம் சாயங்காலம் மொத்தமா," என்றார்.

கடைசி ஆள் போனதும் பெரியம்மா வந்து முக்காலியில் உட்கார்ந்தார். கைகளை மடியில் கோத்துக்கொண்டு நேரே பார்த்தார். இத்தனை நாள் கோபமும் சேர்ந்து, பாஸ்போர்ட் ஆபீஸே சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளும்படியான முகம். "சிரிக்காதீங்க" என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

பெரியப்பா ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு அமுக்கினார்.

ஒன்றுமில்லை.

அமுக்கிக்கொண்டே இருந்தார். பெரியம்மா இமைகூட அசைக்கவில்லை.

"நீ கொஞ்சம் சாதாரணமா இரேன்," என்றார் பெரியப்பா.

"சாதாரணமாத்தான் இருக்கேன். எனக்கு இருக்கிற மூஞ்சி இதுதான்."

"கேமராவுக்கே பயமா இருக்கு போல."

"ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழனிப் பானையில துள்ளி. தெருவுல போறவன் வர்றவன் மூஞ்சியெல்லாம் அந்தக் கேமராவுக்குப் பிடிச்சிருக்கு. பொண்டாட்டி மூஞ்சி மட்டும் பிடிக்கலையா? நேராச் சொல்லுங்களேன், நான் போறது உங்களுக்கு இஷ்டமில்லைன்னு. ஏன் அதை ஒரு மெஷினைக் கொண்டு சொல்ல வைக்கிறீங்க?"

"சத்தியமா நான் அமுக்கினேன்! ஏம்மா, நீ பார்த்தேல்ல?"

பார்த்தேன். அவர் கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அமுக்கியிருந்தார். பாவம், இத்தனை நாள் பொய்யாகத் தள்ளிப்போட்டவர், நிஜமாக எடுக்க நினைத்த அன்று யாரும் நம்பவில்லை.

நான் கேமராவை வாங்கி அட்டையை உருவிக் கம்ப்யூட்டரில் போட்டேன். அன்றைய படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. தையல்காரர் ஈறு தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்து வந்தவர், அதற்கும் அடுத்து வந்தவர், எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தெருவே கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. பெரியப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒருத்தர்கூட உருப்படியில்லையே! ஒண்ணுகூட ஆபீஸ்ல எடுக்க மாட்டானே!"

நான் கறுப்பு நாடாவைப் பிய்த்தேன். திரையின் மூலையில் மஞ்சளாக ஒரு சிரித்த முகம் மின்னிக்கொண்டிருந்தது. கையேட்டின் எழுபதாம் பக்கத்தில் அந்த முகம் இருந்தது. வாசித்துச் சொன்னேன். இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் எதிரில் இருப்பவர் சிரிக்கும்வரை கேமரா காத்திருக்கும், சிரித்தால்தான் எடுக்கும். நாடாவை ஒட்டிய அன்று ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாரே, அப்போது பக்கத்திலிருந்த பொத்தான்களும் அழுந்தியிருக்க வேண்டும்.

பெரியப்பா குனிந்து அந்த மஞ்சள் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு, "யோசிச்சு எடுக்குதுன்னு நினைச்சேன்," என்றார். "எனக்கு எதிராவே வேலை பார்த்திருக்கு."

அந்த நேரம் பார்த்துத் திரையில் தலைமை ஆசிரியையின் படம் வந்தது. அவர் சிரித்து அந்தப் பள்ளியில் மூன்று தலைமுறை பார்த்ததில்லை. இங்கே கண் இடுங்கிக் கன்னம் உப்ப, மிட்டாய் திருடிய குழந்தைபோல இருந்தார். பெரியம்மா எட்டிப் பார்த்தார். முதலில் ஒரு இருமல்போல வந்தது. அப்புறம் தோள் குலுங்கியது. அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார்.

நான் அந்த மஞ்சள் முகத்தை அணைத்துவிட்டுக் கேமராவைத் திருப்பிக் கொடுத்தேன். இனி அமுக்கினால் எடுக்கும். ஆனால் முக்காலிக்குத் திரும்பிய பெரியம்மாவால் இப்போது சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

"சிரிக்காதே," என்றார் பெரியப்பா.

பெரியம்மாவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. "நீங்களே அதைச் சொல்றீங்களே... தெருவையே சிரிக்க வச்சுட்டு..."

"பக்கத்துப் பிரிண்ட் கடைக்காரன் ஷட்டரை இறக்கிடுவான். இன்னிக்குப் பிரிண்ட் போட்டாத்தான் நாளைக்குக் கொண்டுபோக முடியும்."

"எனக்குத் தெரியாதா? நான் என்ன வேணும்னா சிரிக்கிறேன்?"

பெரியம்மா மூச்சை இழுத்துப் பிடிப்பார், உதட்டைக் கடிப்பார், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். கேமரா உயர்ந்ததும் மறுபடி வெடிப்பார். என் ஆபீஸ் வாசலில் இறந்துபோன ஒரு பூனையைப் பற்றி நான் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் சிரித்தார்.

பெரியப்பா கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கவில்லை. வெளியில் பிரிண்ட் கடைக்காரரின் ஷட்டர் பாதி இறங்கும் சத்தம் கேட்டது. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவர் இப்போது கேமராவை இறக்கி, "சரி, முடியல, விடு" என்று சொல்லிவிடலாம். யாரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். சாட்சிக்கு நானே இருக்கிறேன்.

அவர் துளையில் கண்ணை வைத்தபடியே சொன்னார்: "நீ ஊருக்குப் போனதும் நம்ம சமையலறையைப் புதுசா அடுக்கி வைக்கலாம்னு இருக்கேன்."

பெரியம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு, விளக்கை அணைத்ததுபோலப் போயிற்று.

கிளிக்.

அந்தப் படம்தான் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. உதடு அழுந்தி, கண் ஒரு சுற்று பெரிதாகி, எதிரே நடக்கப்போகும் அக்கிரமத்தைப் பார்க்கிற முகம். ஆபீஸில் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். மற்ற எல்லோரையும் பெரியப்பா வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டு மறுபடி எடுத்தார். தலைமை ஆசிரியை மட்டும், சிரிக்கிற படத்தில் தாடை நன்றாக இருப்பதாகச் சொல்லி அதையும் கேட்டு வாங்கிப் போனார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பெரியம்மா மிச்சமிருந்த கறுப்பு நாடாவை எடுத்து, ஒவ்வொரு டப்பாவிலும் பெயர் எழுதிய காகிதத்தை ஒட்டினார். எல்லா டப்பாக்களுக்கும் மேலே, அலமாரியின் நெற்றியில், பெரிய எழுத்தில் ஒன்று: 'தொடாதீங்க.'

விமான நிலையத்தில் பெரியப்பா கையை உயர்த்திச் சொன்னார், ஒன்றையும் தொட மாட்டேன் என்று. பெரியம்மா அதை வாய்வார்த்தையாக ஏற்கவில்லை. அதனால் வாரா வாரம் பெரியப்பா அந்தக் கேமராவால் சமையலறை அலமாரியைப் படம் எடுப்பார், நான் அதை அக்காவுக்கு மின்னஞ்சலில் அனுப்புவேன். முதல் படத்துக்கு அவர் இரண்டு குடை விளக்கையும் உள்ளே தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் அந்தப் படம் எங்களுக்கே திரும்பி வந்தது. இரண்டாம் தட்டில் மூன்றாவது டப்பாவைச் சுற்றி அக்கா சிவப்பில் ஒரு வட்டம் போட்டிருந்தாள். கீழே, பெரியம்மா சொல்லச் சொல்ல எழுதிய ஒரு வரி: 'இது இங்க இருக்கிறது இல்ல.'

பெரியப்பா ஸ்டுடியோக் கதவில் எழுதியிருந்ததை நின்று பார்த்தார். பிறகு என்னிடம், "அவ ஆபீஸ் இல்லையே," என்றார்.