மஞ்சள் பட்ட அட்டை

நாங்கள் வீட்டில் தைத்த கையுறை மூட்டைகள் இன்று எண்ணூர் தொழிற்சாலை வாசலிலிருந்து அப்படியே திரும்பி வந்துவிட்டன.

அங்கே புதிதாகக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். சரக்கோடு அவர்கள் கொடுத்த ஓட்டை போட்ட அட்டையும் போக வேண்டும்; அதைக் கம்ப்யூட்டர் படித்தால்தான் சரக்குக் கணக்கில் ஏறும். முதல் அட்டையாயிற்றே என்று நான்கு மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்து அனுப்பினேன். ஈரத்தில் ஊறி மெஷினுக்குள் சிக்கிக்கொண்டதாம்.

"இன்னாக்கா, அட்டைக்கா பொட்டு வெப்பாங்க? வேற அட்டை வர்ற வரிக்கும் சரக்க எடுக்க மாட்டாங்களாம். பேஜாரா பூட்ச்சு" என்றார் வண்டிக்கார முனுசாமி.

தைத்த பெண்களோ கூலிக்காக என் வீட்டு வாசலிலேயே நிற்கிறார்கள்.

"அந்த மெஷினைப் பார்த்தியாப்பா?"

"கண்ணாடி வயியா பாத்தேங்க்கா. நெத்தி நெறைய குங்குமம், மாலை, காலாண்ட எலுமிச்சம்பயம் கீது."

மெஷினுக்கு வைக்கலாமாம், அட்டைக்குத்தான் ஆகாதாம். அடுத்த அட்டையை எட்ட நின்றே கும்பிட்டு அனுப்பிவிடவா, சொல்லுங்களேன்.