பிறகு சொல்லுறன்

என் பழைய கைபேசியில் ஒரு படம் இருக்கிறது. அதில் ஆளும் இல்லை, இடமும் இல்லை. ஒரே வாசகம் வரிவரியாகக் கீழே போய்க்கொண்டிருக்கிறது: “பிறகு சொல்லுறன் அக்கா.” எல்லாம் நான் எழுதியவை. யாருக்கு எழுதினேனோ அவரே தேடித் திரட்டி எனக்கு அனுப்பியிருந்தார். அழிக்க மனம் வரவில்லை.

அவர் கொட்டாஞ்சேனை அக்கா. இணையத்தில் வீட்டுச் சாமான் விற்கும் ஒரு நிறுவனத்தில், வாடிக்கையாளரின் கேள்விகளுக்குப் பதில் எழுதும் ஆறு பேருக்கு நான் பொறுப்பு. எல்லோருக்கும் வீட்டிலிருந்துதான் வேலை. நான் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதி பஸ் இரைச்சலுக்கு யன்னலைச் சாத்திவிட்டு உட்காருவேன். அக்காவுக்கு அந்தத் தொல்லை இல்லை. சிறு வயதில் வந்த காய்ச்சலோடு காது கேட்காமல் போய்விட்டது. நாற்பது வயதில் கணினிப் பயிற்சி முடித்து அவர் எடுத்த முதல் வேலை இது. மூன்று மொழியிலும் எழுதுவார். சண்டை பிடிக்க வந்த வாடிக்கையாளர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். அவரை வேலைக்கு எடுத்தவன் நான் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

காலையில் அரை மணிநேரம் வீடியோவில் கூடுவோம். அது மட்டும் வாய்ப்பேச்சு. முடிந்ததும் அக்காவுக்குச் சுருக்கம் எழுதி அனுப்புவேன். நடுவில் எல்லோரும் சிரித்தால், “என்ன சிரிப்பு?” என்று எழுதுவார். “பிறகு சொல்லுறன் அக்கா” என்பேன். ஒருநாளும் சொன்னதில்லை. சிரிப்புக்கெல்லாம் சுருக்கம் எழுத முடியுமா என்று எனக்கு நானே நியாயம் வைத்திருந்தேன்.

மூன்றாம் மாதம் அந்தப் படம் வந்தது. கீழே எழுதியிருந்தார்: “வேலை நல்லாப் பிடிச்சிருக்கு தம்பி. ஆனா கூட்டத்தில யன்னலுக்கு வெளியில நிண்டு பாக்கிற மாதிரி கிடக்கு. இந்த மாசத்தோட வேலையால நிக்கிறன்.”

எனக்கு முகம் சுட்டது. நாள் முழுக்க எழுதியே பிழைக்கிற நாங்கள், எங்களுக்குள் கூடும்போது மட்டும் ஏன் எழுதவில்லை? அது ஒருநாளும் தோன்றாதது வெட்கமாக இருந்தது. “ஒரு கிழமை பொறுங்கோ அக்கா” என்று கேட்டேன். “பாப்பம்” என்றார்.

மறுநாள் மைக் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முகத்தைப் பார்த்துக்கொண்டே பேச்சை எழுதினோம். முதல் இரண்டு நாளும் செத்த வீடுபோல் இருந்தது. மூன்றாம் நாள், அதுவரை கூட்டத்தில் வாயே திறக்காத மட்டக்குளிப் பெண் தன் மாமியாரைப் பற்றி ஏதோ எழுதினாள். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார், எல்லோரும் சிரித்த அதே நேரத்தில். வேலையை விடுவது பற்றி அவர் பிறகு எழுதவேயில்லை.

அது நடந்து நாலு வருஷம். போன கிழமை இணைப்பு அறுந்து, கூட்டத்துக்குப் பிந்தி வந்தேன். ஆறு முகமும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தன. நான் வருமுன் எழுதியது எதுவும் என் திரையில் தெரியவில்லை. “என்ன சிரிப்பு?” என்று எழுதினேன்.

அக்காவிடமிருந்து பதில் வந்தது: “பிறகு சொல்லுறன் தம்பி.”

என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்களோ என்று நினைத்தேன். குனிந்து சட்டையைக்கூடப் பார்த்தேன். அரை நிமிடம்தான் இருக்கும், போதும் போதும் என்றாகிவிட்டது. பிறகு அக்கா முழுக் கதையையும் எழுதினார், ஒரு வரி விடாமல்.