மதினியின் காலில் மொய்த்த பொடி ஈக்கள்

மதினி எழுந்தால் அந்த ஈக்களும் எழுந்தன, அவர் உட்கார்ந்தால் கூடவே இறங்கின. எள்ளில் பாதி இருக்கும், கறுத்த பொடி ஈக்கள். பறக்கவும் சோம்பல், கையை வீசினால் ஒரு சாண் நகர்ந்து மறுபடி அங்கேயே வரும். மதினி என் அண்ணன் மனைவி. அவர்கள் இருப்பது ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்து ஊர். முளைப்பாரித் திருவிழாவுக்காக நான் லீவு போட்டுப் போயிருந்தேன்.

அந்த வருடம் முளைப்பாரி வீடு மதினியின் பொறுப்பு. இருட்டறையில் நாற்பது சட்டிகள், சட்டி நிறைய மக்கிய சாணமும் வைக்கோலும், மேலே முளைவிட்ட பயறு. ஈரச் சாணத்தில் பொடி ஈ வரத்தான் செய்யும் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. "எருவு ஈய வீடு வரைக்கும் கூட்டியாந்துட்டீகளா மதினி?" என்று நானே கேலி செய்தேன். அவரும் சிரித்தார். மருந்துக்கடையில் நின்று ஊருக்கெல்லாம் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் நான். மதினிக்கும் மாதாமாதம் வாங்கி அனுப்புகிறேன். என் புத்தி அன்றைக்குப் புல் மேயப் போயிருந்தது.

காப்புக் கட்டிய ஏழாம் நாள் மதியம் குளித்துவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்தார். அங்கே சாணம் கிடையாது. ஈக்கள் வந்தன. வலது காலை விட்டுவிட்டு இடது காலில் மட்டும் இறங்கின. பாதத்தைப் பிடித்துத் திருப்பினேன். அப்பியிருந்த மஞ்சளுக்குக் கீழே ஒடிந்த கருவேல முள். சுற்றிலும் சதை கறுத்து நெகிழ்ந்திருந்தது. விரதத்துக்காகச் செருப்பில்லாமல் நடந்திருக்கிறார்.

"குத்துனதே தெரியல ஏத்தா. ரெண்டு நாளு முந்திதான் பாத்தேன். காப்புக் கட்டிட்டு ஊரு எல்லையத் தாண்டக்கூடாதுல்ல. இன்னும் மூணு நாளு, பாரியக் கரைச்சுட்டு வாரேன். எவகிட்டயும் சொல்லிப்புடாத."

அவர் மணிக்கட்டில் இருந்த காப்புக் கயிற்றை நான் பல்லால் கடித்து அறுத்தேன். அவர் தடுக்கவில்லை. அறுந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோவதற்குள் உடம்பு அனலாகக் கொதித்தது. கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

காப்பைப் பாதியில் அறுத்ததால்தான் கால் போனது என்று ஊரில் இன்றும் பேசுகிறார்கள். மதினி ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆனால் தினமும் காலையில், நான் கடைக்குக் கிளம்பும் முன் வீடியோ கால் வரும். முகத்தைக் காட்டமாட்டார். வலது பாதத்தைத்தான் காட்டுவார், விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்து.

"நல்லாப் பாருத்தா. எதுவும் உக்காந்திருக்கா?"