பெரியண்ணன் போட்ட இலை

மோகனூரில் உள்ள அந்த இல்லத்துக்கு எப்போது போனாலும் எனக்கு மட்டும் வாழை இலை விழும். மற்ற எல்லோருக்கும் எவர்சில்வர் தட்டு. இலையைத் துடைத்து, நுனி என் இடது கைப்பக்கம் இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்து விரிக்கிறவன் பெரியண்ணன்.

எண்பதுகளின் தொடக்கம். சமூகப்பணிப் படிப்பை முடித்த சூட்டோடு, கொண்டப்பநாயக்கன்பட்டியில், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்ந்தேன். இருந்தவர்களில் மூத்தவன் அவன் என்பதால் சின்னதுகள் பெரியண்ணன் என்று கூப்பிட, எங்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது. பேச்சு குறைவு. சாப்பாட்டு வேளையில் செம்பைத் தூக்கிக்கொண்டு ஒரு சொட்டு சிந்தாமல் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றுவான். ஆனால் பதினெட்டு வயது நிறைந்தால் விடுதியில் இடமில்லை. அதற்குப் பிறகு எங்கே என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடையாது.

அவனுடைய அண்ணனிடம் ஒரு பதில் இருந்தது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை. "கொட்டாயில கட்டிப் போட்டுப் பாத்துக்கறமுங்க. ரோட்டுல லாரிக்கு அடியில போறதுக்கு அது தேவலீங்க" என்றார். கொடுமைக்காரர் அல்ல, சொல்லும்போது கண் கலங்கியது. நான் சும்மா இருப்பேனா? பதினெட்டு தாண்டிய இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொள்ளும் இடம் தேடி ஊர் ஊராக பஸ் ஏறினேன். காவிரிக்கரையில் இந்த இல்லம் கிடைத்தது. ஒரு மாதம் வைத்துப் பார்க்கலாம், ஒட்டாவிட்டால் கூட்டிப்போய்விட வேண்டும் என்றார்கள். விடுதியில் அவன் கட்டிலுக்கு அதற்குள் வேறொரு பையன் வந்துவிட்டான்.

மாதம் முடிகிற வாரம் போனேன். இல்லத்து அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஏனுங் டீச்சர், புதுசா வந்த புள்ளைன்னு தெனமும் எலை அறுத்துத்தான் சோறு போடறேன். நாலு வாய் தின்னுபோட்டு மூட்டையைத் தூக்கீட்டு கேட்டுல போய் ஒக்காந்துக்கறானுங்க. நான் என்னதான் பண்றது?"

பெரியண்ணன் கேட்டருகே துணிமூட்டையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். கொட்டகையும் கயிறும் என் கண்முன் வந்துபோயின.

மத்தியானம் வெட்டிவைத்த இலை ஒன்றுதான் இருந்தது. "நீங்க நம்ம ஊட்டு ஆளாட்டந்தானுங்க" என்று அம்மா எனக்குத் தட்டை வைத்து, இலையை அவனுக்குப் போட்டார். அவன் இலையைப் பார்த்தான். என் தட்டைப் பார்த்தான். சோறு விழுவதற்குள் இலையை என் பக்கம் தள்ளிவிட்டு என் தட்டை இழுத்துக்கொண்டான்.

"டீச்சர் பஸ்ஸுக்குப் போவாங்க. டீச்சருக்கு எலை."

எனக்குச் சுரீரென்றது. எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்கு எப்போதும் தட்டு. அன்னதானம் செய்ய வருகிற பெரிய மனிதர்களுக்குத்தான் இலை. அவர்களுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றியவன் இவன். இலையில் சாப்பிட்டவர்கள் கைகழுவி, பையை எடுத்துக்கொண்டு வண்டியேறிப் போவதை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறான். இங்கே தனக்கும் இலை விழுந்ததும், சாப்பிட்டு முடித்து, முறைப்படி கிளம்பக் காத்திருந்தான்.

நான் இதைச் சொன்னதும், "அட சாமி, மரியாதைன்னு நெனச்சுப் போட்டனே" என்று அம்மா நெற்றியில் கைவைத்துக்கொண்டார். அன்று அவன் இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். தட்டைக் கழுவி, அடுக்கில் தானே கவிழ்த்தான். கேட்டில் கிடந்த மூட்டையை உள்ளே கொண்டுபோய் ஆணியில் மாட்டினான். பஸ் ஏற நான் கிளம்பியபோது கூடவே வரவில்லை.

போன மாதமும் போயிருந்தேன். புதிதாக ஒரு பையன் வந்திருந்தான். பெரியண்ணன் அவனுக்குத் தட்டு வைத்து, வழக்கம்போல எனக்கு இலையை விரித்தான். எனக்கும் ஒரு தட்டு கொடேன் என்றேன், விளையாட்டாகத்தான்.

செம்போடு நின்று யோசித்தான். பிறகு மெதுவாக என் இலையில் தண்ணீர் தெளித்தான்.

"தட்டு ஊட்டு ஆளுங்களுக்கு, டீச்சர். உங்களுக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு?"